கல்லில் வெட்டிய நாலு வரி

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கு எது நடந்தாலும் கவிதைக்கு என்னிடம்தான் வருவார்கள். கல்யாணம் என்றால் வாழ்த்து மடல், ஓய்வு பெற்றால் பாராட்டு மடல், யாராவது இறந்துவிட்டால் கண்ணீர் அஞ்சலி. இருபத்திரண்டு வருடமாகத் தூத்துக்குடியில் நான் தமிழ் டீச்சர். என் வரிகளுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அந்தத் தம்பதிகளில் பாதிப் பேர் இப்போது ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. என் கணவருக்குத் துறைமுகம் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை. அவருக்கு என் கவிதை என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். "நீ எழுதுற அஞ்சலியில செத்தவன் எல்லாருமே நல்லவனா இருக்கானே. அப்ப கெட்டவன் ஒருத்தனும் நம்ம ஊர்ல சாகலையா?" என்று கேட்பார். நான் முறைப்பேன். அடுத்த அஞ்சலியையும் அப்படியேதான் எழுதுவேன்.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய போர்ப் பாட்டுகள். அவற்றை நடத்துகிற வாரம் முழுக்க என் குரல் ஒரு கட்டை கூடியிருக்கும். மேசையைத் தட்டுவேன். வேல் பாய்கிற இடம் வந்தால் ஸ்கேலை ஓங்குவேன், முன்வரிசைப் பிள்ளைகள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கவிதைகளில் எல்லாமே தெளிவாக இருக்கும். மார்பில் பட்ட புண் பெருமை, முதுகில் பட்ட புண் அவமானம். விழுந்தவனுக்குக் கல் நடுவார்கள், பூச்சூட்டுவார்கள். பெற்றவள்கூட அழுவதற்கு முன்னால் புண் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பாள். அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்துவிடும். இத்தனைக்கும் நான் பெரிய பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறி நிற்பேன். கடலோர ஊரில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பயந்தவர்களுக்குத்தான் வீரக் கவிதை அதிகம் பிடிக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், பக்கத்துக் கடலோர ஊரான தருவைகுளத்துக்காரி. புருஷன் பட்டாளத்தில் இருந்தார். மகளின் படிப்புக்காகத் தூத்துக்குடிக்குள் திரேஸ்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, மகளை எங்கள் பள்ளியிலேயே சேர்த்திருந்தாள். மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவள் டிபன் பாக்ஸில் மீன் இருக்கும், என்னுடையதில் பெரும்பாலும் புளிச்சோறு. எதை யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்களுக்குள் வழக்கே வந்ததில்லை.

அவள் புருஷனை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். ஒல்லியான மனிதர், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பாராம். ஊரே கேலி செய்திருக்கிறது. "கடலுக்குப் பயந்துதான் டீச்சர் இவுக பட்டாளத்துக்கே போனாக" என்று அவர் முன்னாலேயே அவள் ஒருநாள் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

"மலையில அலை கிடையாதுல்லா டீச்சர்" என்றார்.

அவர் விடுமுறைக்குப் புறப்பட்டால் எங்கள் அலுவலகத்துக்கே தெரிந்துவிடும். வடக்கே பனிமலைப் பக்கத்திலிருந்து ரயிலில் வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். சிக்னல் கிடைக்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போன் போடுவார். அவளுக்குக் கையில் வருகைப் பதிவேடோ டி.சி. புத்தகமோ இருக்கும், அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். "எங்கன இருக்கிய?" என்பாள். அவர் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லிவிட்டு, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பார். இவள், "சரி, பாத்து வாங்க" என்று வைத்துவிடுவாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் போன். மறுபடியும் வந்துக்கிட்டே இருப்பார், மறுபடியும் பாத்து வரச் சொல்லுவாள். எங்களுக்குச் சிரித்து மாளாது. "ரயில் தண்டவாளத்துல வருது, இவரு என்னத்தப் பாத்து வரணும்?" என்று நான் கேலி செய்வேன். "அது அப்படித்தான் டீச்சர்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டுவாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எல்லையில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் அவர் இறந்துபோனார். விஷயம் வந்தபோது அவள் அலுவலகத்தில்தான் இருந்தாள். தலைமையாசிரியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்தபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு இப்ப என்ன பீரியடு டீச்சர்?" என்று கேட்டாள். கணக்கு என்று சொன்னேன். "முடியட்டும்" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கணக்குப் பாடம் முடிகிறவரை நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாகைகுளம் விமானநிலையத்துக்குப் பெட்டி வந்தது. அங்கிருந்து தருவைகுளம் வரை வழிநெடுக ஆட்கள் நின்றார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் வரப்பில் ஏறித் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கொடி போர்த்திய பெட்டி, அதிகாரிகள், வானத்தைப் பார்த்துச் சுட்ட துப்பாக்கிகள், கோயில் மணி. திரும்பிய பக்கமெல்லாம் அவர் படம் போட்ட பேனர். எல்லாப் பேனரிலும் என் நாலு வரி.

முந்தைய நாள் மதியம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதியது அது:

மார்பில் ஏற்றான் வீரன் விழுப்புண்
முதுகைக் காணாது திகைத்தது பகையே
அலைகடல் பெற்ற காளை இவனைக்
கல்லே நீயும் கண்ணெனக் காப்பாய்

எழுதி முடிக்க எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. எங்கே அடிபட்டது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வீரன் என்றால் மார்பு. தமிழ் படித்த யாருக்கும் கை தானாக அங்கேதான் போகும்.

முதலாம் ஆண்டு நினைவுக்குக் கல்லறையில் கருங்கல் வைத்தார்கள். வழவழவென்று முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட கல். அவர் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே என் நாலு வரி. ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்து வெட்டக் கொடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். என் எழுத்தை அதுவரை காகிதத்திலும் பேனரிலும்தான் பார்த்திருக்கிறேன், கல்லில் பார்த்ததில்லை. கல்லறையில் நின்றுகொண்டு எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

"நல்லாருக்கா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நல்லாருக்கு டீச்சர்" என்றாள்.

போன வருடம் அவள் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள், என் வகுப்புக்கு. அக்டோபரில் போர்ப் பாட்டு வந்தது. வழக்கம்போல ஸ்கேலை ஓங்கினேன், மேசையைத் தட்டினேன். மார்புப் புண்ணையும் முதுகுப் புண்ணையும் பலகையில் இரண்டு பக்கமாக எழுதி நடுவில் கோடு போட்டேன். பிறகு என் புத்திசாலித்தனம் சும்மா இருக்கவில்லை. "உதாரணத்துக்கு நாம ரெண்டாயிரம் வருஷம் பின்னால போக வேண்டாம். நம்ம வகுப்பிலேயே ஒரு வீரனோட மகள் இருக்கா" என்று சொல்லி அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். கல்லில் இருக்கும் நாலு வரியைச் சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூச்சம் என்று நினைத்து, தோளைத் தட்டி உட்காரவைத்தேன்.

மறுநாள் அந்தப் பாட்டுக்கான வீட்டுப்பாடத்தை எல்லாரும் கொடுத்தார்கள், அவள் மட்டும் வெறும் பக்கத்தை நீட்டினாள். தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள், அவ்வளவுதான். நான் கோபக்காரி, பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். "வேற யாரும் எழுதலைன்னா விட்டுருவேன். நீ எழுதாம இருக்கலாமா? உங்க அப்பாவுக்கே இது கேவலம்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். அவள் நோட்டை வாங்கி மூடிக்கொண்டு இடத்துக்குப் போனாள். அந்த நடையைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா டிபன் பாக்ஸ் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தாள். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. எதிரில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தாள். பிரேதப் பரிசோதனை அறிக்கை. பென்ஷனுக்கு மனுப் போடும்போது கொடுத்ததன் நகல். ஆங்கிலத்தில் டைப் செய்த வரிகளுக்கு நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இத வாசிங்க டீச்சர்."

வாசித்தேன். குண்டு பாய்ந்த இடம் முதுகு, இடது தோள்பட்டைக்குக் கீழே என்று இருந்தது. இன்னொரு தடவை வாசித்தேன். என் ஆங்கிலம் சுமார்தான், ஆனால் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பெட்டி வந்த அன்னைக்கே ஒரு ஆபீசர் சொன்னாரு. பொறவு பேப்பரும் வந்துட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. கல்லுல வெட்டும்போதாவது..."

"எல்லாரும் வாசிச்சு வாசிச்சு அழுதாவ டீச்சர். அவுக அம்மா அந்தப் பாட்ட மனப்பாடமே பண்ணிட்டாவ. நான் என்னத்தச் சொல்ல?" தாளை மடித்தாள். "போன வாரம் ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் பீரோவத் தொறந்தா பிள்ளை. இது அவ கைல மாட்டிட்டு. உங்க பாடமும் இந்த வாரம்தான் வந்திருக்கு."

பலகையில் நடுவில் கோடு போட்டதும், அவளை எழுப்பி நிறுத்தியதும், காலையில் அந்தப் பிள்ளையிடம் நான் சொன்ன சொல்லும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கேவலம் என்ற சொல்லை எந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்!

"வார கல்லறைத் திருநாளுக்கு அப்பாகிட்ட வர மாட்டேங்கா. அந்தக் கல்லு பொய் சொல்லுதுங்கா. அதுகிட்டப் போயி நின்னு என்ன செபம் சொல்லன்னு கேக்கா" என்றாள். "நீங்க ஏதாவது செய்யணும் டீச்சர். நீங்க எழுதுனதுதானே."

நவம்பர் தொடக்கத்தில் வரும் நாள் அது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார்கள். அதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி அதற்குள் அடுத்த கவிதைக்குப் போய்விட்டது. "கூட இருந்த யாருக்காவது அடிபட்டிருக்கும். அவனைத் தூக்கத்தான் இவர் திரும்பியிருப்பார். அப்படி எழுதிரலாம். தோழனைத் தாங்கத் திரும்பிய தோள்..." எதுகை மோனையோடு வந்து விழுந்தது.

அவள் மடித்த தாளை ஃபைலுக்குள் வைத்தாள்.

"கூட இருந்தவகட்ட நான் கேட்டேன் டீச்சர். ஒரே பனியாம், ஒண்ணும் தெரியலையாம். ஏன் திரும்புனாகன்னு யாருக்கும் தெரியாது." ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியாதத எழுதாதீக. ஒருவாட்டி எழுதுனது போதும்."

என்னைவிட இளையவள் ஒருத்தி என்னிடம் அப்படிப் பேசினால் சாதாரணமாக நான் சும்மா விடமாட்டேன். அன்று விட்டேன். என் புளிச்சோறு அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் செய்கிற மனிதர் அன்று செய்யவில்லை. "முதல்ல அந்தப் பிள்ளைகிட்டப் போ. கவிதைய அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் சொல்வதை நான் உடனே கேட்பது அபூர்வம். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே திரேஸ்புரத்துக்குப் போய்விட்டேன்.

சின்ன வீடு. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் மாலை போட்ட படம். அறைக்கு அப்பால் தடுப்பில்லாத சமையல்கட்டு. அம்மா முற்றத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அரிவாள்மணையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், கை நாத்தமா இருக்கு, உக்காருங்க" என்று கழுத்தை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மகள் கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். நானும் உட்காராமல் நின்றேன்.

"அன்னைக்கு வகுப்புல நான் சொன்னது தப்பு. ஒன்னு இல்ல, ரெண்டும் தப்பு. என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவியிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படிக் கேட்பது என்று ஆட்டோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் தலையாட்டினாள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"டீச்சர், ஒன்னு கேக்கவா?"

"கேளு."

"அப்பா ஒருவேள பயந்து ஓடியிருந்தாங்கன்னா, அது அசிங்கமா?"

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தன. அந்தப் பதிலைத்தான் நான் பலகையில் கோடு போட்டு எழுதியிருந்தேன். இன்னொரு பதில் எங்காவது இருக்கும் என்று தேடினேன். அந்தக் கவிஞர்கள் களத்தைப் பாடுகிறார்கள், யானையை, வேலை, பருந்தைப் பாடுகிறார்கள். ஓடியவனின் வீட்டுக்கு ஒருவரும் போனதில்லை. அவன் மகள் எந்த வகுப்பில் படித்தாள் என்று யாரும் எழுதவில்லை. இறந்தவனை நினைத்துச் செய்வதறியாமல் நிற்பதற்குக் கையறுநிலை என்று பெயர். இரண்டு மதிப்பெண் கேள்வி, வருடா வருடம் நடத்துகிறேன். அன்று அந்த முன்னறையில்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

சமையல்கட்டில் மீன் ஆய்கிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான்.

"ஓடியிருந்தா எங்கிட்டதான்ளா ஓடி வந்திருப்பாக. வேற எங்க போவாக?"

மறுபடியும் மீன் ஆயத் தொடங்கினாள். மகள் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன். டீச்சர் அழக்கூடாது என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அப்படியும் காப்பியில் லேசாக மீன் வாசம் இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கல்லைப் பற்றி அன்றைக்கே பேசினோம். நான் காகிதத்தை எடுக்கப் பையில் கைவிட்டேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு வேண்டாம் டீச்சர்" என்றாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"சரி, பின்ன என்னளா போடணும்?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பா போன்ல என்ன சொல்லுவாங்களோ அதப் போடுங்க."

யாரும் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்தப் போனை ஸ்பீக்கரில் எத்தனை தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

கல் வெட்டுகிற அண்ணாச்சியின் பட்டறை எட்டயபுரம் சாலையில் இருக்கிறது. கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார். வாசகத்தை அழித்துவிட்டு வேறு வெட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளங்கையால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"ஆழமா எறங்கியிருக்கு டீச்சர். இத அழிக்கணும்னா கல்லு பாதியா தேஞ்சிரும். ஒன்னு செய்யலாம். கல்லுக்குப் பின்பக்கம் சும்மாதானே கெடக்கு? அத பாலிஷ் போட்டு, படத்தையும் பேரையும் அங்கன வெட்டி, திருப்பி நட்டிருதேன். இது செவரப் பாத்துப் போயிரும், ஒருத்தருக்கும் தெரியாது."

என்னோடு வந்திருந்த அவளைப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினாள். "அத்தைக்கு மட்டும் நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்" என்றாள். வாசகத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன டீச்சர், பேச்சு வழக்குல இருக்கு? தமிழ் டீச்சர் நீங்க. திருத்தி நல்லா எழுதிக் குடுங்க, எனக்குக் கல்லுல தப்பா வெட்ட மனசு வராது."

இன்னொரு சமயம் என்றால் அந்தத் துண்டுத் தாளில் நானே சிவப்பு மை போட்டிருப்பேன். "ஒரு எழுத்தும் மாத்தாதீக அண்ணாச்சி. அவர் சொன்னது அப்படித்தான்" என்றேன். அவர் இன்னொரு தடவை வாசித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளியில் அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்தேன். போர்ப் பாட்டுகளை நான் விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். அவை எனக்கு இன்னமும் பிடிக்கும், ஸ்கேலும் ஓங்கத்தான் செய்கிறது. ஆனால் பலகையில் கோடு போடுவதில்லை. அவனுக்காக வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். பாட்டில் இல்லையே டீச்சர் என்கிறார்கள். இல்லைதான், நீங்கள் யோசியுங்கள் என்கிறேன். பரீட்சைக்கு வராத கேள்வி என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. அவள் மகள் முணுமுணுக்கவில்லை. அந்த வெறும் பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்தாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

கல்லறைத் திருநாள் அன்று மழை. ஐப்பசி மாதம் எங்கள் ஊரில் வேறு எப்படி இருக்கும்? சாயங்காலம் என் கணவர் ஸ்கூட்டரில் என்னைத் தருவைகுளத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் உப்பளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவள், அந்த நாளில் அப்படி ஒரு கூட்டத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. கல்லறைத் தோட்டம் நிறைய ஆட்கள். குடைக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றி, உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செவந்திப் பூவும் ஈர மண்ணும் மணத்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது.

அவள் முந்தானையால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுப் பாலிஷ். படத்தில் அவர் கண் காணாமல் சிரித்தார். கீழே ஒரே ஒரு வரி:

வந்துக்கிட்டே இருக்கேன்

என் நாலு வரியும் சுவரைப் பார்த்து நின்றன. வாழ்நாளில் நான் எழுதியதிலேயே புறமுதுகு காட்டிய கவிதை அது ஒன்றுதான். அதற்காக எனக்கு வருத்தமில்லை. அவர் அம்மா கல்லுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தப் பழைய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். மருமகள் எப்படிச் சொன்னாளோ, அவர் முகத்தில் கோபம் இல்லை. முன்பக்கத்து வரியைப் பேத்தி அவருக்கு வாசித்துக் காட்டினாள். "அவன் அப்படித்தான சொல்லுவான்" என்று மட்டும் சொன்னார்.

மகள் குடையைப் பிடித்துக்கொள்ள, அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டு தடவை அணைந்து மூன்றாவது தடவை பிடித்தது. எல்லாரும் செபம் சொன்னார்கள், எனக்குத் தெரிந்தவரை நானும் சொன்னேன். மழை வலுத்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. என் கணவர் வாசலில் நின்று கைகாட்டினார், நேரமாகிவிட்டது என்று. மகள் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் மட்டும் இன்னும் குனிந்தே இருந்தாள். கல்லில் வழிந்த மழைத்தண்ணீரை அந்த வரியின் மேலிருந்து ஒருதடவை கையால் வழித்துவிட்டாள். அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்:

"சரி, பாத்து வாங்க."